நல்ல செய்தியை நம்பாதவள்

எங்கள் அப்பாவைப் பொறுத்தவரை உலகத்தில் பொய் சொல்லாதவை இரண்டுதான். ஒன்று எங்கள் கடைத் தராசு, இன்னொன்று காலையில் வரும் தமிழ்ப் பேப்பர். தெற்கே இருந்து வந்து ராயபுரத்தில் மளிகை மொத்தக்கடை போட்டவர் அவர். கடை திறந்ததும் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பேப்பரை உரக்க வாசிப்பார். கூலியாட்கள், வண்டிக்காரர்கள், சரக்கு எடுக்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டாக வேண்டும். நான் எதற்காவது உதட்டைப் பிதுக்கினால் போதும், "ஏட்டி, பேப்பர்லயே போட்டுருக்கான். அவனைவிட ஒனக்குத் தெரியுமோ?" என்று எகிறுவார்.

எனக்கு அப்போதே வாய் நீளம். "தராசையாவது அப்பப்போ படிக்கல் வச்சுச் சரிபாக்கீங்க. பேப்பரை யாரு சரிபாக்கா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வி வீட்டில் எடுபடவில்லை. வாத்தியார் வேலைக்குப் போனபோது அதைக் கையோடு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டேன்.

அறுபதுகளின் கடைசி அது. மாதா கோயில் வளாகத்தை ஒட்டிய பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் தமிழும் சரித்திரமும் எடுத்தேன். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், ரயில்வே ஷெட்டில் வேலை பார்க்கிறவர்கள், கட்டுமரம் தள்ளுகிறவர்கள், இவர்களுடைய பிள்ளைகள்தான் பெரும்பாலும். மண்ணெண்ணெய் வாடையும் மீன் வாடையும் தேங்காயெண்ணெய் வாடையும் கலந்து வகுப்புக்குள் நுழையும். எனக்கு அது பிடித்திருந்தது. பக்கத்து வகுப்பு டீச்சர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்து நான் பார்த்ததில்லை.

தினமும் காலையில் ஜெபம் முடிந்ததும் ஒரு பிள்ளை முன்னால் வந்து செய்தி வாசிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். பூசையில் வாசகம் வாசிப்பதுபோல, அதே இழுவையோடு வாசிப்பார்கள். முடிந்ததும் மொத்தப் பள்ளியும் குனிந்த தலை நிமிராமல் கலையும். 'ஆமென்' சொல்லாததுதான் பாக்கி.

ஒருநாள், திருவொற்றியூர் கடற்கரையில் ராட்சதத் திமிங்கலம் ஒதுங்கியது, மக்கள் பீதி என்று ஒரு பிள்ளை வாசித்தாள். எட்டாம் வகுப்பு வரிசையில் குபீரென்று சிரிப்பு. தலைமைக் கன்னியாஸ்திரி முறைத்த முறைப்பில் பாதிச் சிரிப்பு தொண்டையிலேயே செத்துவிட்டது. வகுப்புக்கு வந்ததும் என்ன சிரிப்பு என்று கேட்டேன்.

"அது திமிங்கலமே இல்ல டீச்சர். பெரிய சொறா. செத்துப் போயி நாறிக்கினு கெடந்துச்சு. அதுக்குப் போயி யாரு பயந்தாங்க? எங்க வூட்டாண்டதான் கீது, நான் மேல ஏறியே பாத்தேன்" என்றாள் ஒருத்தி.

"அப்போ திமிங்கலம்னு பேப்பருக்கு யார் சொன்னது?" என்றேன்.

நான் கேட்டது சும்மா வாய்ப்பேச்சுக்கு. அடுத்த திங்கட்கிழமை அவர்கள் பதிலோடு வந்தார்கள். ஒருவரும் சொல்லாமலே, கூட்டமாகப் போய் விசாரித்திருக்கிறார்கள். நிருபர் வந்தது உண்மை, ஆனால் மணலில் இறங்கவில்லை. ரோட்டோர டீக்கடையில் நின்று டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். டீக்கடைக்காரரைப் பிடித்துக் கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்னதை ஒருத்தி இடுப்பில் கைவைத்து நடித்தே காட்டினாள்: "நான் எங்க பாத்தேன்? சைக்கிள்ல போன ஒர்த்தன் சொன்னான். அவர் கேட்டாரு, நான் சொன்னேன். அதுக்கு இன்னா இப்போ?" சைக்கிளில் போனவனையும் விடவில்லை. மாத்தூர்ப் பக்கத்துப் பால்காரன் அவன். அவனும் பார்க்கவில்லை, கூட்டத்தைத்தான் பார்த்திருக்கிறான்.

நான் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாளைக்கு ஒப்பிக்க இரண்டு செய்யுள் கொடுத்தால் மூக்கால் அழுகிற பிள்ளைகள் இவை. ஒரு செய்தியின் வாலைப் பிடித்துக்கொண்டு அதன் பிறந்த வீடுவரை போய்வந்திருக்கிறார்கள்! மயிர்க்கூச்செறிந்தது என்று எழுதினால் மிகை என்பீர்கள். எனக்கு உண்மையாகவே கையில் ரோமம் நின்றது.

அதற்குப் பிறகு அந்த வகுப்பின் தாரக மந்திரம் "யாரு பாத்தது?" என்றாகிவிட்டது. செய்தி வாசிக்கும் முறை வந்தால் முதல்நாளே என்னிடம் பேப்பரோடு வருவார்கள். 'எனத் தெரிகிறது' என்று இருந்தால் யாருக்குத் தெரிகிறது, 'பரபரப்பு' என்று இருந்தால் யார் பரபரத்தார்கள் என்று கேட்பார்கள். நேற்றைய பேப்பரையும் இன்றைய பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, ஒரே விஷயம் எங்கே மாறியிருக்கிறது, எங்கே மாறாமல் அப்படியே இருக்கிறது என்று தேடுவது ஒரு விளையாட்டாகவே ஆயிற்று. சரித்திர வகுப்பிலும் நிம்மதி போயிற்று. அரசர் சாலையோரம் மரம் நட்டார் என்று சொல்ல வாயெடுத்தால், பின்னாலிருந்து "யாரு டீச்சர் பாத்தது?" என்று ஒரு குரல் வரும். தலைமைக் கன்னியாஸ்திரி என்னை அழைத்து, "இன்னிக்கு பேப்பரைச் சந்தேகப்படுறாங்க. நாளைக்கு என்னைச் சந்தேகப்படுவாங்க. அப்புறம் யாரை?" என்று கண்ணால் வானத்தைக் காட்டினார். "கேட்டுட்டுத்தானே நம்புறாங்க மதர், கேட்காம நம்புறதைவிட அது கெட்டியா இருக்குமே" என்றேன். அவர் சிரித்தாரா இருமினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதில் எல்லாம் அதிகம் பேசாத ஒரு பெண் உண்டு. கட்டுமரக்காரர் மகள். மெலிந்த உடம்பு, எண்ணெய் வைத்து இறுக்கிய பின்னல், எதைப் படித்தாலும் இரண்டு தடவை படிக்கிற பழக்கம். திமிங்கல விசாரணைக்குக்கூட மற்றவர்களோடு போனவள்தான், முன்னால் நின்று பேசியவள் இல்லை. அவள் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே கட்டுமரத்தில் தொழிலுக்குப் போவார்கள். சித்தப்பா என்றால் பெரிய ஆள் இல்லை. மீசை இப்போதுதான் அரும்பிய பையன். பெற்றவர்கள் சின்ன வயசிலேயே போய்விட, அண்ணன் வீட்டிலேயே வளர்ந்தவன். தெரியாதவர்கள் பார்த்தால் மகன் என்றே நினைப்பார்கள்.

பள்ளி திறந்து இரண்டு மாதத்தில் ஒரு சாயங்காலம் நிலத்திலிருந்து கடலைப் பார்த்துப் பேய்க்காற்று அடித்தது. எங்கள் கடைத் தகரம் பறந்து ரோட்டில் விழுந்தது. கரைக்குத் திரும்பிய கட்டுமரங்களில் ஒன்று குறைந்தது. அந்த அண்ணனும் தம்பியும் போன மரம் அது.

அவர்களுடைய மீனவக் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்றால், அவன் கிடைக்கும்வரை, அல்லது இனி கிடைக்க மாட்டான் என்று பெரியவர்கள் சொல்லும்வரை, ஒருத்தரும் வலை இறக்கக் கூடாது. எல்லா மரமும் தேடத்தான் போக வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அன்றன்று பிடித்து அன்றன்று உலை வைக்கிற ஜனம். தேடுகிற நாட்களில் குப்பம் முழுக்க அடுப்பு எரியாது. அந்தப் பிள்ளையின் அப்பாவுக்காக, அவளோடு படித்த பத்துப் பிள்ளைகள் பட்டினியோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திகூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

முதல் நாள் மாலைப் பேப்பரில் ஓரத்தில் செய்தி வந்தது. 'தந்தை, மகன் கடலில் மாயம்' என்று தலைப்பு. அவள் அதைக் கிழித்துச் சட்டைக்குள் வைத்திருந்தாள். "சித்தப்பாவ மகன்னு போட்டுட்டாங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். அந்த நேரத்தில் அது எனக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. தலையைத் தடவிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் பள்ளி விடுகிற நேரம், பேப்பர் கடையில் தொங்கிய போஸ்டரைப் பார்த்துவிட்டு ஒரு பெண் கத்திக்கொண்டே ஓடிவந்தாள். 'காணாமல் போன மீனவர் மீட்பு!' நான் பேப்பரை வாங்கிக்கொண்டு குப்பத்துக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் ஓடினேன்தான். புடவையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு. என் பின்னால் பாதி வகுப்பு.

கூட்டத்துக்கு நடுவே நின்று நானே வாசித்தேன். கடலில் தத்தளித்த தந்தையும் மகனும் ஒரு சரக்குக் கப்பலால் காப்பாற்றப்பட்டனர், கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டுள்ளது, இருவரும் நலம், நாளை மறுநாள் கரைக்கு வருவர். அவள் அப்பா பேர், சித்தப்பா பேர், குப்பத்தின் பேர், எல்லாம் இருந்தது. அவள் அம்மா மணலில் விழுந்து மாதாவைக் கூப்பிட்டு அழுதாள். யாரோ ஓடிப்போய்க் கோயில் மணியை அடித்தார்கள். ஆண்கள் ஒருத்தரை ஒருத்தர் முதுகில் அறைந்துகொண்டார்கள். அடுத்த நிமிஷமே வலைகள் குடிசைகளிலிருந்து வெளியே வந்தன. விடியற்காலை தொழிலுக்குப் போக வேண்டுமே! வயிறு என்று ஒன்று இருக்கிறதே! எனக்கும் கண்ணீர் நிற்கவில்லை. கண்ட குழந்தையையெல்லாம் கட்டிக்கொண்டேன்.

அவள் மட்டும் அழவில்லை. என் கையிலிருந்த பேப்பரை வாங்கினாள். ஒரு தடவை படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு சட்டைக்குள்ளிருந்து அந்தப் பழைய துண்டை எடுத்து, மணலில் குந்தி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"டீச்சர், இது நைனா இல்ல" என்றாள்.

"என்னம்மா சொல்றே? பேர் போட்டிருக்கே!"

"பேரு முந்தாநேத்து பேப்பர்லயே கீது டீச்சர். அதப் பாத்துதான் எழுதிக்கிறாங்க. மகன்னு போட்டுக்கிறாங்க பாருங்க. நைனாவ நெசமாவே காப்பாத்தி இருந்தா, நீ யாரு, கூட இருக்கறவன் யாருன்னு கேட்டுருப்பாங்க இல்ல? இவன் என் தம்பின்னு நைனா சொல்லிருக்கும். எங்க நைனாவ யாரும் ஒண்ணியும் கேக்கல. கப்பல்ல வேற யாரோ கீறாங்க."

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. நான் அந்த இரண்டு காகிதங்களையும் பார்த்தேன். அதே வரிசை, அதே பேர்கள், அதே தப்பு. அவள் சொன்னது அத்தனையும் சரி. இருந்தாலும் என் மனசு அதை ஏற்க மறுத்து முரண்டு பிடித்தது. ஊரே நம்புகிறது, நான் நம்புகிறேன், அந்தச் செய்தி உண்மையாக இருக்க வேண்டும் என்று உலகத்தில் எல்லாரையும்விட அதிகமாக ஏங்குகிறவள் இவள். கெட்ட செய்தியைச் சந்தேகப்பட எவராலும் முடியும். தன் அப்பா உயிரோடு இருக்கிறார் என்கிற செய்தியை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இல்லை என்று சொல்ல எங்கிருந்து வந்தது அந்தக் குழந்தைக்கு நெஞ்சு? நான் சொல்லிக் கொடுத்தது இது அல்ல. இவ்வளவு பெரியதை நான் அறிந்ததே இல்லை.

அவள் எழுந்து நேரே குப்பத்துத் தலைவரிடம் போனாள். அவர் வலைக்கு மிதவை கட்டிக்கொண்டிருந்தார். "தலைவரே, வலை எறக்காதீங்க. நாளைக்கும் தேடணும்" என்றாள்.

"இன்னாம்மா இது, உங்க நைனா பொழைச்சிக்கினான்னு பேப்பர்லயே போட்டுக்கீது. நீ இல்லேன்றியே?"

கேட்டுக்கொண்டிருந்த அவள் அம்மா பாய்ந்து வந்தாள். பளாரென்று கன்னத்தில் ஒரு அறை. "வாயக் கழுவுடி! அப்பன் உசுரோட வரக்கூடாதுன்னு வேண்டிக்கிறியா நீ?" கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மூன்று நாள் பட்டினி கிடந்தவர்களுக்கும் கோபம் வராமல் என்ன செய்யும்? "படிப்பு ஏறி பித்தும் ஏறிடுச்சி" என்று ஒரு பெண் என்னைப் பார்த்தே சொன்னாள்.

அவள் கன்னத்தில் கையைக்கூட வைக்கவில்லை. இரண்டு காகிதங்களையும் தலைவர் முன்னால் நீட்டி, எனக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னாள். அவருக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் பார்த்தார். "அவ சொல்றது அதுல அப்படியேதான் இருக்கு" என்றேன். அவர் கூட்டத்தைப் பார்த்து, "மகன்னு பேப்பர்காரன்கிட்ட சொன்னது யாரு?" என்று கேட்டார். கடைசியில் மீன் எடுக்க வரும் வெளியூர் வியாபாரி ஒருவர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். முதல் நாள் நிருபர் கேட்டபோது அவர்தான் சொல்லியிருக்கிறார். ரெண்டு பேரும் எப்போதும் ஒன்றாகவே வருவதைப் பார்த்து, மகன் என்றுதான் நினைத்திருந்தாராம்.

துறைமுகத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்கலாம் என்றார் ஒருவர். கேட் தாண்டி, ஆபீஸ் தாண்டி, கப்பலுக்குப் போய்ப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகுமோ. அதுவரை கடலில் இருக்கிறவன் தாங்குவானா என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது. கட்டிய மிதவையைத் தலைவர் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். "ஆள் போயி கேக்கட்டும். அவன் கப்பல்ல இருந்தா, நாளைக்கு நாம சும்மா சுத்திட்டு வந்ததா இருக்கட்டும். இல்லாம போனா? வலைய உள்ள வைங்கடா" என்றார். வலைகள் திரும்ப உள்ளே போயின. அந்த ஏழை ஜனங்கள் இன்னொரு நாள் பட்டினிக்குச் சம்மதித்து எரியாத அடுப்படிக்குத் திரும்பியதை நான் நின்று பார்த்தேன். அன்று நான் கண்ட இரண்டாவது அதிசயம் அது.

விடிவதற்குள் மரங்கள் வடக்கே போயின. நீரோட்டம் வடக்கே இழுக்கிற காலம். எண்ணூர் முகத்துவாரத்தையும் தாண்டி, காட்டுப்பள்ளிக்கு நேரே, கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். பாய் போய், துடுப்பும் போய், மரத்தோடு தம்பியைக் கயிற்றால் கட்டிவிட்டு அண்ணன் குப்புறக் கிடந்தாராம். இரண்டு பேருக்கும் உயிர் இருந்தது. இன்னொரு நாள் தாங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னார்.

துறைமுகத்துக்குப் போன ஆள் அன்று மத்தியானம்தான் பதிலோடு வந்தான். கப்பலில் இருந்தவர்கள் வடக்கே ஆந்திரக் கரையைச் சேர்ந்த இரண்டு மீனவர்கள். மறுநாள் பேப்பரில் உள்பக்கத்தில் மூன்று வரி வந்தது: மீட்கப்பட்டவர்கள் வேறு மீனவர்கள் எனத் தெரிகிறது. வகுப்பில் அதை வாசித்தபோது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. "அந்த ரெண்டு பேரு வூட்டுல இன்னும் அழுதுகினு இருப்பாங்களே டீச்சர், அவங்களுக்கு யாரு சொல்றது?" என்று ஒருத்தி கேட்டாள். அன்றே துறைமுக ஆபீசுக்கு வகுப்பே சேர்ந்து ஒரு கடிதம் எழுதியது.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் அவள் அப்பா, உதடெல்லாம் வெடித்து, முகம் தோலுரிந்து கிடந்தார். பக்கத்துக் கட்டிலில் தம்பி தூங்கினான். அவள் கஞ்சியை ஆற்றி ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள். அம்மா கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். நடந்தது எதையும் யாரும் இன்னும் அவருக்குச் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்தது.

என்னைப் பார்த்ததும் அவர் பேச ஆரம்பித்தார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"தம்பி பயந்துட்டான் டீச்சர். உட்டுடுணா, உட்டுடுணான்னு அழுதான். நம்ம குப்பத்து ஆளுங்களப் பத்தி இன்னாடா நெனச்சே, நாம கெடைக்கற வரைக்கும் ஒருத்தனும் வலை எறக்கமாட்டான், தேடிக்கினேதான் இருப்பானுங்கன்னு சொல்லிக்கினே இருந்தேன். எனக்கு ஒரு நிமிசம்கூட சந்தேகமே வரல."

அவள் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். வெளியே வந்த வலைகள் என் கண்முன்னே நின்றன.

அவள் ஸ்பூனை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"ஆமா நைனா. தேடிக்கினேதான் இருந்தாங்க" என்றாள்.